அரிப்புக்கு எது வாங்கலாம்: பவுடரா, லோஷனா, ஆயின்மெண்டா?

“அண்ணாச்சி, அரிப்புக்கு ஏதாவது குடுங்க.” பங்குனி கடைசியில் ஆரம்பித்தால் ஆவணி வரைக்கும் திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, டவுன், ஜங்ஷன் என்று எந்த மெடிக்கலில் நின்றாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். கடைக்காரர் திருப்பிக் கேட்பதும் ஒன்றே ஒன்றுதான்: “பவுடரா, ஆயின்மெண்டா?” எங்கே அரிக்கிறது, எத்தனை நாளாக, பிள்ளைக்கா பெரியவருக்கா என்று அவர் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை. பின்னால் நாலு பேர் நிற்கும்போது தொடை இடுக்கு என்று எப்படிச் சொல்வது?

பவுடர் ஒன்றும் செய்யாது, லோஷன் பிள்ளைகளுக்கு, ஆயின்மெண்ட் கொஞ்சம் வலுவானது. பலர் மனசில் இருக்கும் வரிசை இதுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் டாக்டர் இல்லை. ஆறு மாதம் தொடையில் தப்பான டியூபைத் தடவிவிட்டு, கடைசியில் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரைப் பார்க்க வரிசையில் நின்றவன். அங்கே காதில் விழுந்ததும், அதற்கப்புறம் டப்பாக்களின் பின்பக்கத்தைப் படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

## முதலில் எதைப் பார்ப்பது

வந்திருப்பது என்ன? இது தெரியாமல் மற்ற எதுவும் பேச முடியாது. வேர்க்குரு என்றால், வியர்வைக் குழாய் அடைத்துக்கொண்டு, வெளியே வரவேண்டிய வியர்வை தோலுக்குள்ளேயே கசிந்து பொரிப்பொரியாகக் கிளம்புவது. கழுத்து, முதுகு, மார்பு, பாவாடை நாடா இறுகுகிற இடுப்பு. சுருக்சுருக்கென்று குத்தும், குளித்துவிட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் அடங்கும். படர்தாமரை வேறு. வட்டமாக இருக்கும், ஓரம் தடித்துச் செதில் விடும், நடுவில் ஆறினது போலக் காட்டிக்கொண்டே வெளியே வெளியே நகரும். இதைத்தான் பலர் வண்டுகடி என்கிறார்கள். எந்த வண்டும் கடிக்கவில்லை; அது பூஞ்சை. கால்விரல் இடுக்கு வெள்ளையாக ஊறிப் பிய்ந்தால் சேத்துப்புண்.

அடுத்தது, எங்கே தடவப் போகிறோம்? உடம்பு முழுக்கத் தோல் ஒரே மாதிரி இல்லை. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற மருந்தை வைத்து 1967இல் அளந்து பார்த்திருக்கிறார்கள்: முன்கையில் தடவினால் உள்ளே போகும் அளவைவிட விதைப்பையில் 40 மடங்குக்கு மேல் போகிறது, தாடையில் 13 மடங்கு. கையில் தடவி ஒன்றும் ஆகாத மருந்து இடுக்கில் என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். அதற்கு மேல் ஜட்டி, அதற்கு மேல் ஜீன்ஸ். மூடி வைத்த தோல் இன்னும் அதிகமாக உறிஞ்சும்.

அப்புறம் வயசு. கைக்குழந்தைக்கு உடம்பின் எடையோடு பார்த்தால் தோலின் பரப்பு அதிகம், தோலும் மெல்லிசு. கடைசியாக, நிறுத்திய பிறகு என்ன ஆகும் என்பது. விலையை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை, கடையில் கேட்கும்போது எல்லாமே மலிவுதான்.

## வேர்க்குரு பவுடர்

கொட்டியதும் சில்லென்று இருக்கிறதே, அது மெந்தால். குளிரை உணரும் நரம்பை அது தூண்டிவிடுகிறது, தோலின் சூடு குறைவதில்லை. மிச்சம் இருப்பது டால்க் அல்லது மாவுச்சத்து, துத்தநாக ஆக்சைடு, சிலவற்றில் போரிக் அமிலம், சிலவற்றில் சாலிசிலிக் அமிலம். குளித்து, நன்றாகத் துவட்டி, காய்ந்த தோலில் லேசாகத் தூவினால் வியர்வையை இழுத்துக்கொள்ளும். தோலும் தோலும் உரசாமல் இருக்கும். பெரியவர்களின் சாதாரண வேர்க்குருவுக்கு இது போதும்.

நாம் அப்படியா போடுகிறோம்? முக்கூடலில் எங்கள் சித்தி பீடி சுற்றுகிறாள். மடியில் தட்டு, தூள் பறக்கும் என்று ஃபேன் ஒன்றாம் நம்பரில். கழுத்தில் வியர்வை வழிய வழிய அதன் மேலேயே பவுடரைக் கொட்டுவாள், மத்தியானம் ஒருமுறை, மூணு மணிக்கு ஒருமுறை. சாயங்காலம் பார்த்தால் கழுத்து மடிப்பில் கோலமாவைப் பிசைந்து வைத்தது மாதிரி வெள்ளைக் கோடு. அந்தப் பசை காய்ந்து அரத்தைப் போல உரசுகிறது, ஏற்கெனவே அடைத்த குழாயின் வாயில் இன்னும் ஒரு மூடி போடுகிறது. “எவ்வளவு போட்டாலும் கேக்க மாட்டேங்குது” என்று அவள் சொன்னதற்குக் காரணம் போடுகிற விதம்தான். நனைத்த துண்டால் துடைத்து, காயவிட்டு, ஒரே ஒரு தடவை போடச் சொன்னேன். நாலு நாளில் தணிந்தது.

கைக்குழந்தை விஷயத்தில் நான் கறார். பவுடரே வேண்டாம். குளிப்பாட்டியதும் ஆச்சிமார் பஃபை எடுத்துப் பட்பட்டென்று அடிப்பார்கள். பிள்ளை அந்தப் புகைக்குள் தும்மும். டால்க் தூள் மூச்சோடு போனால் நுரையீரலில் தங்கும். அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் குழந்தைக்குப் பவுடர் போடவேண்டாம் என்கிறது. போரிக் அமிலம் இன்னும் மோசம். பிய்யாத தோல் வழியாக அது அதிகம் போகாது. மூத்திரம் பட்டுச் சிவந்து பிய்ந்த தோல் வழியாகப் போகும். வாந்தி, வயிற்றுப்போக்கு, உடம்பெல்லாம் சிவப்பு, வலிப்பு என்று ஆகி, போன நூற்றாண்டில் இப்படிக் குழந்தைகள் இறந்தே போயிருக்கின்றன. டப்பாவில் போரிக் ஆசிட் என்று இருந்தால் பிள்ளை இருக்கும் அறையில்கூட வைக்காதீர்கள்.

டால்க் புற்றுநோய் உண்டாக்குமா என்று கேட்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024 ஜூலையில் டால்க்கை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற வகையில் சேர்த்தது. கழுத்தில் தூவியவருக்கெல்லாம் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் பெண்கள் அந்தரங்க இடத்தில் பவுடர் போடும் பழக்கத்தை விட்டுவிட இது ஒன்றே போதுமான காரணம்.

## காலமைன் லோஷன்

ரோஸ் நிறத்தில் அடியில் மாவு தங்கி நிற்கும் பாட்டில். துத்தநாகச் சேர்மம், அதில் துளி இரும்பு ஆக்சைடு. ரோஸ் நிறம் அந்த இரும்பால் வருவது. குலுக்காமல் ஊற்றினால் தண்ணீர்தான் வரும், மருந்து அடியிலேயே இருக்கும். பஞ்சில் தொட்டு ஒற்றினால், தண்ணீர் ஆவியாகும்போது குளிர்ச்சி, பிறகு ஒரு மெல்லிய பூச்சு. வேர்க்குரு, கொசுக்கடி, எறும்புக்கடி, வெயில் பட்ட எரிச்சல் எல்லாவற்றுக்கும் இது ஆகும். பக்கவிளைவு என்று பார்த்தால் இந்தக் கட்டுரையில் வருகிறதிலேயே சாது. தோலை வறட்டும், அவ்வளவுதான். ஏற்கெனவே கால் தோல் வெடித்துச் செதில் விடும் வயசானவர்களுக்கு அதனாலேயே அரிப்பு கூடும். நீர் வடியும் புண்ணில் போட்டால் பொருக்குக் கட்டி, அடியில் சீழ் வைக்கலாம். படர்தாமரைக்குப் போட்டால்? கெடுதல் இல்லை, பலனும் இல்லை, வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. காலமைன் என்று பெயர் போட்ட எல்லாப் பாட்டிலும் காலமைன் மட்டும் இல்லை. சிலவற்றில் டைஃபென்ஹைட்ரமின் என்ற அலர்ஜி மருந்தும் கற்பூரமும் சேர்ந்திருக்கும். பிள்ளைக்கு அம்மை போட்டால் உடம்பு முழுக்க ரோஸ் லோஷன் பூசும் பழக்கம் இப்போது வேப்பிலையோடு கூடவே வந்துவிட்டது. வெறும் காலமைன் என்றால் சரி. டைஃபென்ஹைட்ரமின் கலந்ததை அம்மைக் கொப்புளம் உடைந்த உடம்பு முழுக்கப் பூசினால் மருந்து ரத்தத்தில் ஏறி, பிள்ளை பிதற்றத் தொடங்கும். இல்லாததை எல்லாம் பார்க்கும். “அம்மன் இறங்கியிருக்கா” என்று வீட்டில் நினைத்துக்கொண்டால் என்ன ஆவது? கற்பூரமும் 2 வயசுக்குக் கீழே ஆகாது. இன்னொன்று, முக அழகுக்கு விற்கும் லோஷன்களிலும் காலமைன் என்ற பேர் இருக்கிறது. அது வேறு சரக்கு.

## க்ளோட்ரிமசோல் பவுடரும் க்ரீமும்

பூஞ்சையைக் கொல்லும் மருந்து, பெரும்பாலும் 1 சதவீதம். படர்தாமரைக்குக் கடையில் கேட்டு வாங்குவதென்றால் நான் நிற்பது இந்த இடத்தில்தான். லேசான எரிச்சல், சிவப்பு, எப்போதாவது ஒருவருக்கு ஒவ்வாமை. அதற்கு மேல் இதன் மேல் பெரிய புகார் இல்லை.

பவுடருக்கும் க்ரீமுக்கும் வேலை வேறு. வட்டம் விழுந்த இடத்துக்கு க்ரீம். பவுடர் காவலுக்கு: ஷூவுக்குள், விரல் இடுக்கில், ஆறின பிறகு இடுக்கு ஈரமாகாமல் வைத்திருக்க. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கார் பருவ நெல் நடவுக்குப் போகிறவர்கள் நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, விரல் விரலாகத் துணியை விட்டுத் துடைத்து, இந்தப் பவுடரைத் தூவிக்கொள்கிறவருக்குச் சேத்துப்புண் அவ்வளவாக அண்டாது. துடைக்காமல் தூவுகிறவருக்குச் சித்தியின் கழுத்துக் கதைதான்.

இதன் மறைமுகச் செலவு பொறுமை. அரிப்பு உடனே நிற்காது. அஞ்சாம் நாள் கொஞ்சம் குறையும், பத்தாம் நாள் வட்டம் மங்கும், அன்றைக்கே டியூபை அலமாரியில் போட்டுவிடுவோம். தோல் டாக்டர்கள் சொல்லும் கணக்கு இரண்டு, இரண்டு, இரண்டு: நாளுக்கு இரண்டு தடவை, வட்டத்தின் ஓரத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை, மறைந்த பிறகும் இரண்டு வாரம். இதை ஒழுங்காகச் செய்தும் போகவில்லை என்றால் கடையில் அடுத்த டியூபைக் கேட்காதீர்கள். இப்போது இந்தியாவில் பரவியிருக்கும் படர்தாமரையில் பெரும்பங்கு ஒரு முரட்டு வகைப் பூஞ்சையால் வருவது. 2020இல் அதற்கு நம் நாட்டின் பேரையே வைத்து ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். டெர்பினாஃபைன் என்ற முக்கியமான மருந்துக்கே அது பல பேரிடம் மசிவதில்லை. அதற்கு மாத்திரை வேண்டும், டாக்டர் வேண்டும்.

## எரிகிற ஆயின்மெண்ட்

சாலிசிலிக் அமிலமும் பென்சாயிக் அமிலமும் சேர்ந்த பழைய வகை. சின்ன டப்பா, டீக்கடையை ஒட்டிய பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும். மேல் தோலை உரித்து, கூடவே பூஞ்சையையும் கழற்றும். உள்ளங்கால், முழங்கால் போன்ற தடித்த தோலில் சரி. “எரிஞ்சாத்தாம்ல வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்று சொல்லிக்கொண்டு தொடை இடுக்கில் தேய்த்தால் தோல் வெந்து உரியும், ஆறின பிறகு கறுப்பு வருஷக்கணக்கில் நிற்கும். பிள்ளைகளுக்குப் பெரிய பரப்பில் போடவே கூடாது, சாலிசிலிக் அமிலம் ரத்தத்தில் ஏறிவிடும்.

## மூணு மருந்து கலந்த ஆயின்மெண்ட்

என் கதை இதில்தான் இருக்கிறது. ஒரு சித்திரையில் தொடையில் ஒரு ரூபாய் அளவுக்கு வட்டம். வழக்கமான கடையில் சொன்னேன். கடைக்காரர் யோசிக்காமல் ஒரு டியூபை எடுத்து வைத்தார். அன்று ராத்திரியே அரிப்பு போச்சு. மூன்றாம் நாள் சிவப்பும் போச்சு. ‘ஆகா, இதல்லவா மருந்து’ என்று நிறுத்தினேன். பத்து நாளில் வட்டம் திரும்ப வந்தது, இந்தத் தடவை உள்ளங்கை அளவுக்கு. மறுபடி தடவினேன், மறுபடி போச்சு. இப்படியே புரட்டாசி வரைக்கும். அதற்குள் இரண்டு தொடை, இடுப்பு, வீட்டில் இன்னொருவருக்கும்.

அந்த டியூபில் இருந்தது ஒரு பூஞ்சைக்கொல்லி, ஒரு ஆன்டிபயாடிக், ஒரு ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு என்ன செய்யும்? தோலின் எதிர்ப்பை அடக்கும். சிவப்பும் அரிப்பும் பூஞ்சையால் நேராக வருவதில்லை, பூஞ்சையோடு உடம்பு போடும் சண்டையால் வருவது. சண்டையை நிறுத்தினால் தெரு அமைதியாகிவிடும், திருடன் வீட்டுக்குள்ளேயே இருப்பான். வட்டத்தின் ஓரம் கலைந்து, டாக்டரே பார்த்தாலும் சட்டென்று பிடிபடாத உருவத்துக்குப் போய்விடும். இதற்கு மேல் ஸ்டீராய்டின் சொந்தக் கைவரிசை: தோல் சிகரெட் தாள் போல மெலிவது, இடுக்கில் பிரசவக் கோடு மாதிரி வரிவரியாக விழுவது, முகத்தில் பரு, சிவப்பு, நிறம் வெளுப்பது, முடி முளைப்பது. கண்ணைச் சுற்றி நாள்கணக்கில் தடவினால் கண் அழுத்தம், புரை. பிள்ளைகளுக்கு வளர்ச்சியே தடைபடலாம். நிறுத்தினால் முன்பைவிட எரிச்சலும் சிவப்பும். அதற்குப் பயந்தே தொடர்ந்து தடவுகிறவர்கள் உண்டு. சிவப்பழகு வேண்டும் என்று முகத்தில் தேய்த்துக்கொண்டு மாட்டிக்கொண்ட பிள்ளைகளைத் தோல் பிரிவின் வரிசையிலேயே பார்த்தேன். ஆன்டிபயாடிக்கில் நியோமைசின் இருந்தால் அதற்கே பலருக்கு ஒவ்வாமை வரும், அரிப்புக்குப் போட்ட மருந்தே அரிக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரில் ஒரு வழுக்கல் இருக்கிறது, கவனியுங்கள். க்ளோட்ரிமசோல் என்பது பூஞ்சைக்கொல்லி. க்ளோபெட்டசோல் என்பது ஸ்டீராய்டு, அதுவும் தடவுகிற ஸ்டீராய்டுகளிலேயே உச்சத்தில் இருப்பது. டாக்டர் எழுதிக் கொடுத்தால்கூட வாரம் 50 கிராமுக்கு மேல் கூடாது, இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது என்பது அதன் வரம்பு. கண்ணாடி இல்லாமல் படித்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மோமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று ‘சோன்’, ‘லோன்’ வால் வைத்தவையும் ஸ்டீராய்டே. 2018இல் மத்திய அரசு இப்படித் தடவுகிற 14 ஸ்டீராய்டுகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ‘எச்’ அட்டவணைக்குள் கொண்டுவந்துவிட்டது. அட்டைப்பெட்டியில் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். நான் வாங்கிய டியூபிலும் அந்தக் கோடு இருந்தது. நான் பார்க்கவில்லை, கடைக்காரர் பார்த்தும் கொடுத்தார்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று சொல்லவரவில்லை. கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் தோல் டாக்டர் கணக்காக எழுதிக் கொடுத்தால் அதற்கு ஈடு கிடையாது. சீட்டில்லாமல், படர்தாமரைக்கு, இடுக்கில் என்றால் இந்தக் கட்டுரையிலேயே இதற்குத்தான் கடைசி இடம்.

## வீட்டு வைத்தியம்

நுங்கு சீசனில் நுங்குத் தண்ணீரை வேர்க்குருவில் தடவுவது எங்கள் வீட்டிலும் உண்டு. ஈரம் ஆவியாகிக் குளிரும், கெடுதல் இல்லை. மிச்சத்தைக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிசுபிசுப்பு. பச்சைத்தண்ணீர்க் குளியலும் காற்றும் பருத்தித் துணியும் பாதி வேர்க்குருவைத் தாமே ஆற்றும். தேங்காயெண்ணெய் வேர்க்குருவுக்கு வேண்டவே வேண்டாம், குழாயை இன்னும் அடைக்கும். எலுமிச்சையைப் படர்தாமரையில் தேய்த்துவிட்டு வயலுக்குப் போனால், வெயிலோடு சேர்ந்து தோல் பொத்துக் கறுக்கும்.

சீமையகத்தி இலையைப் படர்தாமரைக்கு அரைத்துப் போடுவது பழைய வழக்கம், அதற்குக் காரணமும் உண்டு. ஆனால் சந்தையில் பேர் ஒட்டாத டப்பாவில் ‘மூலிகைக் களிம்பு’ என்று விற்பது வேறு சங்கதி. மூணு நாளில் மாயமாக அரிப்பு போனால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறதோ என்று சந்தேகப்படுவதே நல்லது. சித்த மருந்துதான் வேண்டும் என்றால் பாளையங்கோட்டையிலேயே 1964இலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சந்தைக்கு எதற்குப் போகவேண்டும்?

## ஒரே பார்வையில்

| எது | எதற்குச் சரி | எங்கே, யாருக்கு வேண்டாம் | பிறகு வரும் செலவு |
|---|---|---|---|
| வேர்க்குரு பவுடர் | பெரியவர்களின் வேர்க்குரு, காய்ந்த தோலில் | கைக்குழந்தை, பிய்ந்த தோல், அந்தரங்க இடம் | மடிப்பில் பசை, உரசல் |
| காலமைன் (தனி) | வேர்க்குரு, பூச்சிக்கடி, அம்மை அரிப்பு | நீர் வடியும் புண், வறண்ட தோல் | வறட்சி. படர்தாமரை என்றால் நாள் வீண் |
| க்ளோட்ரிமசோல் | படர்தாமரை, சேத்துப்புண் | முன்பு ஒவ்வாமை வந்தவர் | வாரக்கணக்கில் பொறுமை |
| எரிகிற ஆயின்மெண்ட் | உள்ளங்கால் போன்ற தடித்த தோல் | இடுக்கு, முகம், பிள்ளைகள் | வெந்த தோல், கறுப்பு |
| ஸ்டீராய்டு கலவை | சீட்டோடு மட்டும் | படர்தாமரை, முகம், இடுக்கு, பிள்ளைகள் | மெலிந்த தோல், வரிகள், மாதக்கணக்கில் மாத்திரை |

## கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போகவேண்டிய நேரம்

கைக்குழந்தை, கர்ப்பிணி, முகம், கண் பக்கம், காய்ச்சலோடு வந்த தடிப்பு என்றால் பவுடரும் வேண்டாம், லோஷனும் வேண்டாம். ஒரே வீட்டில் நாலு பேருக்கு ராத்திரியில் மட்டும் அரித்தால் அது சிரங்காக இருக்கும், அதற்கு மேலே சொன்ன எதுவும் கேட்காது. இடுக்கில் திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையையும் ஒருதடவை பார்த்துவிடுங்கள். தோலைச் சுரண்டிப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதனால் போவதற்கு முந்தின நாள் எதையும் அப்பிக்கொண்டு போகவேண்டாம்.

இதுவரை தடவிய டியூப்களை மட்டும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், காலியானதையும் சேர்த்து. நான் நாலு கொண்டுபோனேன். ஒன்று கேட்கவில்லை என்று அடுத்தது, அதுவும் கேட்கவில்லை என்று அதற்கடுத்தது, இப்படி ஒவ்வொரு தடவையும் ‘வேற நல்ல மருந்தா’ கேட்டு வாங்கியவை. டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்பக்கத்தைப் படித்து, மேசையில் வரிசையாக வைத்தார்கள். நாலுக்கும் பேர் வேறு, நிறம் வேறு. நாலிலும் க்ளோபெட்டசோல்.